பூச்சியம் இலக்கக் கிணறு

உடையார்கட்டில் அப்புத்துரையின் கிணற்றில் எண்ணெய் வந்தது உண்மை. அந்த எண்ணெயை நிலத்துக்குள் வைத்தவரும் அப்புத்துரைதான் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இருந்த ஐந்தடி மண்ணைக் கடக்க அரசாங்கத்துக்கு எழுநூறு மில்லியன் ரூபாய் செலவானது. வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசிக்கலாம். அப்புத்துரைக்கு அந்த வசதி இப்போது இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம். யுத்தத்தின் செல் குண்டுகள் கிட்டக் கிட்ட விழத் தொடங்கிய நாட்களில் வன்னியில் எல்லோரும் எதையாவது புதைத்தார்கள். தையல் மெசின், சைக்கிள், கதவு நிலை, வெண்கலப் பானை என்று தூக்கிக்கொண்டு ஓட முடியாத எல்லாம் மண்ணுக்குள் போயின. அப்புத்துரையிடம் ஒரு பரல் டீசல், ஓர் இரும்புப் பீப்பாய் நிறைய, இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் போத்தல் போத்தலாகச் சேர்த்தது. மூன்று வருடச் சேமிப்பு. அதையும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தையும் ஐந்தடிக் கிடங்கில் இறக்கினார். பரலின் மூடியைத் தன் புருசனின் பழைய நீலக் கட்டச் சாரத் துணியால் சுற்றி இறுக்கிக் கட்டியது மனைவி வடிவம்மா.

கிணற்றிலிருந்து அளந்து புதைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கண்டுபிடித்துவிடுவான் என்று கெட்டித்தனமாக யோசித்து, அப்புத்துரை மூலைத் தென்னையிலிருந்து காலால் பன்னிரண்டு கவடு வைத்து அளந்தார். திரும்பி வந்தபோது கிணறு இருந்தது. தென்னை இல்லை. காணிக்கு மூலையே இல்லை. புல்டோசர் ஓடி, எல்லாம் ஒரே வெளியாய்க் கிடந்தது. இரும்பு அலவாங்கால் இரண்டு வருடம் குத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

பதினாறு வருடம் கழித்து, போன மாசியில், மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும்போது ஒரு மணம் வந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீரின் மேலே வானவில் மிதந்தது.

"இது எங்கடை பரல்தான்," என்றாள் வடிவம்மா. "கறள் பிடிச்சு ஓட்டை விழுந்திட்டுது."

"மெள்ளக் கதையும். ஆரும் கேட்டால்?"

"கேட்டால் என்னப்பா? சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்."

"மண்ணுக்குள்ளை டீசல் தாட்டனாங்கள் எண்டு சொன்னால், வேற என்ன தாட்டனீங்கள், ஆருக்குத் தாட்டனீங்கள் எண்டு விசாரிக்க வருவாங்கள். பிறகு முழுக் காணியையும் கிண்டிப்போட்டுத்தான் போவாங்கள்."

ஆகவே அப்புத்துரை பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் பரல் என்ற சொல் இல்லை. 'எனது தோட்டக் கிணற்றில் எண்ணெய் வருகிறது. காரணத்தைக் கண்டறிந்து கிணற்றைத் துப்புரவாக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று மட்டும் இருந்தது. வன்னியில் குடியிருந்து, புதைத்து, ஓடி, விசாரணைக்குப் பயந்து பழகிய ஒரு மனிதன் மட்டுமே விடக்கூடிய பிழை அது. வேறு ஊர்க்காரன் என்றால் முதல் வரியிலேயே பரலைச் சொல்லியிருப்பான்.

கடிதம் சபையிலிருந்து கமநல நிலையத்துக்கும், அங்கிருந்து செயலகத்துக்கும் போனது. ஒவ்வொரு மேசையிலும் 'எண்ணெய்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஏறியது. 'துப்புரவாக்கி' என்ற சொல்லுக்கு ஒருவரும் கோடு போடவில்லை. மூன்று கோடுகளோடு அது கிளிநொச்சியில் உள்ள எண்ணெய் எதிர்பார்ப்பு அதிகாரசபையின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சபைக்கு முதலில் 'எண்ணெய்க் கண்டுபிடிப்பு' என்றுதான் பெயர் வைக்கப் பார்த்தார்களாம். அப்படி வைத்தால் கண்டுபிடிக்க வேண்டி வருமே என்று ஓர் அனுபவசாலி எச்சரித்ததால் 'எதிர்பார்ப்பு' என்று மாற்றினார்கள். மூன்று மாடி, அறுபத்திரண்டு உத்தியோகத்தர், ஒன்பது வாகனம். பன்னிரண்டு வருடமாக ஒரு நாளும் தவறாமல், காலை எட்டரையிலிருந்து மாலை நாலேகால் வரை, எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பணிப்பாளர் பிரதாபன் மூன்று ஜீப்புகளோடு வந்தார். கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி, சுண்டுவிரலை அதில் தொட்டு மணந்து பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

"ஐயா, இது எவ்வளவு காலமாய் வருது?"

"ரெண்டு கிழமை சேர். இதை ஒருக்கால் இறைச்சுத் துப்புரவாக்கினால் காணும். மிளகாய் வாடுது."

"இறைக்கிறதோ? கிணத்திலை ஒருத்தரும் கை வைக்கப்படாது."

பின்னேரத்துக்குள் கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி ஏறியது. 'உடையார்கட்டு எண்ணெய் வயல், கிணறு இலக்கம் 0' என்று பலகை நட்டார்கள். பூச்சியம் ஏன் என்று அப்புத்துரை கேட்டார். இனித் தோண்டப்போகும் கிணறுகளுக்குத்தான் ஒன்று, இரண்டு என்று இலக்கம், இது சபை செலவு செய்யாமல் கிடைத்த கிணறு, செலவில்லாததற்கு இலக்கம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று விளக்கம் வந்தது.

"காணி என்ரை பேரிலை இருக்கு சேர். பேர்மிட் கிடக்கு."

"இருக்கட்டும். கலப்பை முனை போற ஆழம் மட்டும் உங்கடை. அதுக்குக் கீழை உள்ளது நாட்டின்ரை."

"தண்ணி அதுக்குக் கீழைதானே சேர் கிடக்கு?"

பிரதாபன் இந்தக் கேள்வியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஒரு கிழமைக்குப் பிறகு பதில் கடிதமாக வந்தது. கிணற்றிலுள்ளது இனித் தண்ணீர் அல்ல, 'எண்ணெய் சார்ந்த திரவம்'. காணிக்காரர் குடும்பத் தேவைக்கு நாளொன்றுக்கு நாற்பது லீற்றர் அள்ளலாம். அள்ளுவது வயலின் உற்பத்தியாகப் பதியப்படும். அன்றிலிருந்து வடிவம்மா வாளியோடு போய்க் கையெழுத்து வைத்து நாட்டின் எண்ணெய் உற்பத்தியைத் தலையில் சுமந்து வந்தாள். அதையும் குடிக்க முடியவில்லை. சீலை தோய்த்தால் சீலை மணத்தது.

சித்திரையில் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். சபையின் பொருளியல் ஆலோசகர் கலாநிதி சிவகரன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். தேத்தண்ணியும் வடையும் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"பொதுமக்களே, எண்ணெய்க் கிணறு தண்ணீர்க் கிணறு போன்றதல்ல. தண்ணீர்க் கிணற்றில் தண்ணீர் வந்தால்தான் பயன். எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் வராவிட்டாலும் பயன் உண்டு. வறண்ட கிணறு, எங்கே எண்ணெய் இல்லை என்ற அறிவை எமக்குத் தருகிறது. எமது சபை இதுவரை பதினொரு இடங்களில் இந்த அறிவைப் பெற்றிருக்கிறது. அதன் பெறுமதி மூவாயிரம் மில்லியன். ஏனென்றால் அவ்வளவுதான் செலவாகியிருக்கிறது."

முன்வரிசையில் இருந்த உத்தியோகத்தர்கள் கை தட்டினார்கள்.

"செலவழிந்த பணம் செலவழிந்ததுதான். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது பொருளியலின் முதற்பாடம். எமது சபை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்தது, நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாயிலும் சிறியது. ஆகவே பத்து வருடம் கழித்து வரப்போகும் எண்ணெயை இன்றைய கணக்கில் மிகவும் சிறிதாகத்தான் எழுத வேண்டும். சம்பளம் இன்றே எடுக்கப்படுவதால் அதை முழுதாக எழுதலாம். இந்த வயலில் ஒரு பரல் எண்ணெய் எடுக்க ஆகும் செலவு உலகச் சந்தை விலையின் பதினேழு மடங்கு என்று மதிப்பிட்டிருக்கிறோம். உலக விலை பதினேழு மடங்கு ஏறும் நாளில் நாம் இலாபம் காணத் தொடங்குவோம். உலகம் இதற்கு ஒத்துழைக்க வேண்டும்."

"காணிக்காரருக்கு என்ன கிடைக்கும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வருமானத்தில் பத்து வீதம். செலவு முழுவதையும் சபை மீட்டெடுத்த பிறகு. வாகனம், கட்டடம், குளிரூட்டி, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் செலவில் அடங்கும். நீங்கள் இப்போது குடிக்கும் தேநீரும் அடங்கும்."

வடிவம்மா கோப்பையை அப்படியே கதிரைக்குக் கீழே வைத்தாள். அப்புத்துரை ஏற்கெனவே குடித்து முடித்திருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே வெட்டவும் இல்லை. ஒரு கடிதம் எழுதியதற்கே பூதம் ஜீப்பில் வந்து வடையும் தந்துவிட்டுப் போனது.

மிளகாய் செத்துக்கொண்டிருந்தது. அரை ஏக்கர். நகையை அடைவு வைத்து நட்டது. அது போனால் அடுத்த போகம் இல்லை, கிணறு போனால் எந்தப் போகமும் இல்லை. அப்புத்துரை பயத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனார். மூன்றாம் மாடியில் பிரதாபனுக்கு முன்னால் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"சேர், அது நான் தாட்ட டீசல். ஒம்பதாம் ஆண்டு இடம்பெயரேக்கை தாட்டனான். ஒரு பரல். அது ஒழுகுது. அவ்வளவுதான்."

பிரதாபன் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்கை தாட்டனீங்கள்?"

"மூலைத் தென்னையிலை இருந்து பன்ரண்டு கவடு."

"தென்னை எங்கை?"

"தென்னை இல்லை சேர். செல் விழுந்து, பிறகு புல்டோசரும் ஓடினது."

"அப்ப சாட்சி இல்லை. ஐயா, எங்களிட்டை மூண்டு தொகுதி அறிக்கை கிடக்கு. கீழை ஆறு கோடி வருசத்துப் பாறை. உங்களிட்டை என்ன கிடக்கு? இல்லாத ஒரு தென்னை."

"அந்த எண்ணெயைப் பாத்தாலே தெரியும் சேர். தாட்ட எனக்குத் தெரியாதே?"

பிரதாபன் இரண்டு படிவங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது பாறை எண்ணெய் எண்டால் நீங்கள் தேசத்தின்ரை பங்காளி. இஞ்சை கையெழுத்து. டீசல் எண்டால், தடை செய்த காலத்திலை அனுமதியில்லாமல் எரிபொருள் பதுக்கினது. அது வேற திணைக்களம். அவையள் இஞ்சை மாதிரி வடை தரமாட்டினம். எது வசதி?"

அப்புத்துரை இரண்டு படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடம் கண்டதெல்லாம் கண்டு, வடிவம்மாவை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவருக்கு, அந்த மனிதனின் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல் இருந்தது. வைக்கவில்லை. தேசத்தின் பங்காளியாகக் கையெழுத்து வைத்துவிட்டு, கீழே வந்து, படிக்கட்டில் காறித் துப்பினார்.

வைகாசியில் துளைக்கும் இயந்திரம் வந்தது. மிளகாய்த் தோட்டத்தின் நட்ட நடுவில் கோபுரம் எழுந்தது. மிஞ்சியிருந்த கன்றுகளை லொறிச் சில்லுகள் தின்றன. வேலைத்தலத்துக்குப் பொறுப்பாக வந்த சுகிர்தன் வட்டக்கச்சிப் பையன், பட்டறையில் வளர்ந்தவன். முதல் நாளே வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு அப்புத்துரையைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணை, இது டீசல் எல்லே?"

"ஓம் தம்பி. சொல்லிப் பாத்தனான்."

"நானும் மேலை எழுதினனான். மணத்தை வைச்சு முடிவெடுக்கிறது உன்ரை சம்பளத் தரத்துக்கு இல்லை எண்டு பதில் வந்தது."

கிணறு இலக்கம் ஒன்று தொள்ளாயிரம் மீற்றர் போனது. உள்ளே இருந்து மண் வந்தது, கல் வந்தது, அதற்குப் பிறகு இன்னும் கல் வந்தது. எண்ணெய் வரவில்லை. கலாநிதி சிவகரன் மறுபடி வந்து மகிழ்ச்சியோடு ஓர் அறிக்கை வாசித்தார். எண்ணெய் இருக்கிறது என்பது பூச்சியம் இலக்கக் கிணற்றால் உறுதி. அது ஒன்றாம் இலக்கத்தில் இல்லை என்பதும் இப்போது உறுதி. ஆகவே அது மிச்சக் காணியில் இருப்பதற்கான நிகழ்தகவு கூடியிருக்கிறது. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் வெற்றி கிட்டே வருகிறது. இப்படியே காணி முழுவதிலும் தோற்றுவிட்டால் வெற்றி நூறு வீதம்.

"இந்தாளுக்கு விசரோ?" என்றாள் வடிவம்மா.

"விசர் எங்களுக்குத்தான் வரும். அவருக்குப் படி வருது," என்றார் அப்புத்துரை.

இரண்டாம் கிணற்றுக்குச் சேற்றுக் குழி வேண்டும். துளைக்கும்போது வெளிவரும் சேற்றை விட ஒரு பெரிய கிடங்கு. மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து கிணற்றுக்கு மேற்கே கிண்டத் தொடங்கினார்கள். ஐந்தடியில் இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. பெக்கோவின் வாளி மேலே வந்தபோது அதில் ஒரு பரல் குறுக்கே கிடந்தது. நடுவயிற்றில் கறள் தின்ற ஓட்டை. மூடியைச் சுற்றி, மண் நிறமாகிப்போன நீலக் கட்டச் சாரம். முடிச்சுக்கூட அவிழவில்லை.

வடிவம்மா கம்பி வேலியைத் தாண்டி ஓடிப்போய் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "இது நான் கட்டினது. பாருங்கோ, இது என்ரை கையாலை கட்டினது."

வேலை நின்றது. சுகிர்தன் கிளிநொச்சிக்குப் போன் எடுத்துச் சொன்னான். அப்புத்துரைக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல் இருந்தது. இனி ஒருவரும் மறுக்க முடியாது. கிணற்றை இறைத்து, தூர் வாரி, இரண்டு மாரி கழிந்தால் தண்ணீர் சரியாகிவிடும். மிளகாய் போனால் போகட்டும், அடுத்த வருடம் கத்தரி வைக்கலாம் என்று அன்றிரவு வடிவம்மாவிடம் கணக்குக்கூடப் போட்டார். அப்பாவி மனிசன்.

மறுநாள் ஆறு ஜீப் வந்தது. பிரதாபன் பரலைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு பத்திரிகைக்காரர்களைக் கிட்டே அழைத்தார்.

"பன்னிரண்டு வருட எதிர்பார்ப்பு இன்று நிறைவேறியிருக்கிறது. நமது மண்ணிலிருந்து, நமது இயந்திரத்தால், முதலாவது எண்ணெய் மேலே எடுக்கப்பட்டிருக்கிறது. உலகில் மற்ற நாடுகள் எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பிறகுதான் கொள்கலனில் அடைக்கின்றன. இந்த மூன்று செலவும் நமக்கு மீதம்."

"சேர், அது டீசல்," என்றார் அப்புத்துரை.

"ஓம் ஐயா," என்றார் பிரதாபன், முதன்முறையாக ஒத்துக்கொண்டு. "தரம் அவ்வளவு நல்லது."

பக்கத்தில் கிடந்த தண்ணீர் இயந்திரத்தைப் பொலித்தீன் உறையோடு வயலில் மீட்கப்பட்ட உபகரணமாகப் பதிந்து ஏற்றினார்கள். பரலில் ஓட்டைக்குக் கீழே மிஞ்சியிருந்த டீசலைப் பணிப்பாளரின் ஜீப்பில் ஊற்றி, கொழும்புக்கு அந்த எண்ணெயிலேயே போவதாகப் படம் எடுத்தார்கள். அதில் பாதி பதினாறு வருட மழைத்தண்ணீர். ஜீப் மாங்குளம் சந்தியில் நின்றுவிட்டது. அங்கிருந்து அதைக் கட்டி இழுத்துப் போன லொறிக் கூலியும் வயலின் செலவில் ஏறியது.

ஆவணியில் கடைசிக் கடிதம் வந்தது. உடையார்கட்டு வயலின் மொத்த உற்பத்தி ஒரு பரலுக்குக் குறைவு. நாளாந்த உற்பத்தி, வடிவம்மா அள்ளும் நாற்பது லீற்றரில் மிதக்கும் அளவு. வருமானம் செலவுக்குக் கீழே போய்விட்டதால் வயல் பொருளாதார ஆயுளை முடித்துக்கொண்டது. சட்டப்படி, கைவிடப்படும் எண்ணெய் வயலின் எல்லாக் கிணறுகளும் அடியிலிருந்து வாய் வரை சீமெந்தால் அடைக்கப்பட வேண்டும். நிலத்தடித் தண்ணீரைப் பாதுகாப்பதற்காக.

எல்லாக் கிணறுகளும் என்றால் இலக்கம் ஒன்று, இலக்கம் பூச்சியம்.

சீமெந்து லொறி வந்தபோது அப்புத்துரை கிணற்றுக் கட்டின் மேல் ஏறி இருந்துகொண்டார். அறுபது வயது மனிதன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டபடி. பிரதாபன் குடையோடு வந்தார்.

"இறங்குங்கோ ஐயா. இது உங்கடை நன்மைக்கு. தண்ணியைக் காப்பாத்தத்தான்."

"தண்ணியைக் காப்பாத்தத் தண்ணிக் கிணத்தைத் தூர்க்கிறியளோ?" அப்புத்துரை கிணற்றுக் கட்டைக் கையால் அறைந்தார். "செல்லடிச்சவன்கூட இந்தக் கிணத்தை விட்டிட்டுப் போனவன். மரம் போச்சு, வீடு போச்சு, இது ஒண்டுதான் நாங்கள் விட்டமாதிரி இருந்தது. ஒரு துண்டுக் கடதாசியிலை துப்புரவாக்கித் தாங்கோ எண்டு கேட்டன். அதுக்கு இவ்வளவும் செய்தியள். நாசமாய்ப் போவியள், நீங்களும் உங்கடை எதிர்பார்ப்பும்."

பிரதாபன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து 'காணிக்காரர் உணர்ச்சிவசப்பட்டார்' என்று எழுதினார். இரண்டு பொலிஸ்காரர் கக்கத்தில் கைகொடுத்து அவரைத் தூக்கி அப்பால் வைத்தார்கள். லொறியின் குழாயைப் பிடித்தவன் சுகிர்தன். அவன் அப்புத்துரையின் முகத்தைப் பார்க்கவில்லை. சீமெந்து உள்ளே விழுந்தபோது, கடைசியாகத் தண்ணீர் மேலே எழும்பி வந்து கட்டால் வழிந்தது. அதில் எண்ணெய் மிகக் கொஞ்சமே இருந்தது. இன்னும் ஒரு மாரி மழை பெய்திருந்தால் போதும், தண்ணீர் தெளிந்திருக்கும் என்று அப்புத்துரைக்குத் தெரிந்தது.

எல்லோரும் போய் ஒரு கிழமையான பிறகு, ஒரு விடியற்காலை, அப்புத்துரை அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போனார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து, பழைய தென்னோலைக் கிடுகுகளால் ஒரு மறைப்புக் கட்டிவிட்டு, வெட்டத் தொடங்கினார். வடிவம்மா மண்ணைக் கடகத்தில் அள்ளிக் கொட்டினாள். வெயில் ஏறும்போது இடுப்பளவு ஆழம் வந்திருந்தது. மண் கொஞ்சம் ஈரமாக வந்தது. அவள் ஒரு பிடி எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள்.

"ஏதும் வந்தால் என்னப்பா செய்யிறது?"

அப்புத்துரை நிமிர்ந்து ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"என்ன வந்தாலும் ஒருத்தருக்கும் சொல்லாதையும். தண்ணி வந்தாலும் சொல்லாதையும்."